எழுந்து நிற்பதுதான் முதல் பாடம்

தண்ணீருக்குள் முகத்தை வைக்க எனக்கு 11 நாள் ஆனது. நீந்துவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள், மிதப்பதற்குக்கூட இல்லை. மார்பளவுத் தண்ணீரில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, குளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, காது நனைகிற அளவுக்கு முகத்தை உள்ளே வைத்து எடுப்பதற்கு. அதுவும் பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள் பொத் பொத்தென்று தவளை மாதிரி குதித்துக்கொண்டிருக்கும்போது. எனக்கு அப்போது வயது 48.

எல்லாம் முழங்காலில் ஆரம்பித்தது. நாலைந்து வருடமாகக் காலையில் வேக நடை போய்க்கொண்டிருந்தேன், அதுதான் என் ஒரே உடற்பயிற்சி, அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்புறம் மாடிப்படி இறங்கும்போது வலது முழங்காலில் ஏதோ நறநறவென்று. ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போது மட்டும். மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, தொடைத் தசையை வலுவாக்க இரண்டு மூன்று பயிற்சி சொன்னார், "நடையைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள இறங்குங்களேன்" என்றார். நீச்சல் தெரியாது என்றேன். "கத்துக்கோங்க" என்றார், ஏதோ கடையில் போய் சோப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது போல.

அவர் சொன்ன காரணம் ஒன்று மனசில் நின்றுவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால்கள் சுமக்க வேண்டிய எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். மார்பளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு. கழுத்துவரை இறங்கிவிட்டால் பத்தில் ஒரு பங்குதான். அதாவது 70 கிலோ ஆள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றால் முழங்காலுக்குப் போவது 7 கிலோ சொச்சம். நான் 70 கிலோவைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது என்பதால் இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, போகலாம் என்று முடிவு செய்த பிறகும் இரண்டு மாதம் போகவில்லை. காரணம் உடை. இத்தனை வருடம் மூடியே பழக்கப்பட்ட உடம்பை ஒட்டிப்பிடிக்கிற ஒரு துணியில் திணித்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நடக்க வேண்டும் என்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. முழங்கால்வரை கால், முழங்கைவரை கை இருக்கிற மாதிரி ஒன்று கிடைத்தது, அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், உடம்பு பரவாயில்லை, ஆனால் தலையில் அந்த ரப்பர் தொப்பி ஏறியதும் முகம் முழுக்க நெற்றியாகிவிட்டது. (தொப்பியை முதலில் நனைத்துவிட்டுப் போட வேண்டும். காய்ந்த தலையில் காய்ந்த தொப்பியை இழுத்தால் கொத்தாக முடி வரும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

முதல் நாள் உடைமாற்றும் அறையிலிருந்து குளம்வரை துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பார்த்தார்களா என்று எனக்கு எப்படித் தெரியும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேனே! எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாவிட்டால் மூன்றடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் கலங்கிய படம். எதிரில் நிற்பது சொல்லிக்கொடுக்கிற பெண்ணா, தூண் மாதிரி நிறுத்திவைத்த குடையா என்பதே குழப்பம். ஒரு மாதம் கழித்துத்தான் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி என்று ஒன்று கிடைக்கிறது என்றே தெரிந்தது. அதைப் போட்டுக்கொண்டு இறங்கிய அன்றைக்குத்தான் குளத்தின் அடியில் நீலக் கோடு போட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தேன். கண் பார்வை சரியில்லாத நடுவயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் செலவு அதுவாக இருக்கட்டும். பாதி பயம் தெரியாததால் வருகிற பயம்.

சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். முதலில் 'மேடம்' என்றாள், ஒரு வாரத்தில் 'அக்கா' ஆகிவிட்டேன். அவள் எனக்கு முதலில் நீந்தவும் சொல்லித்தரவில்லை, மிதக்கவும் சொல்லித்தரவில்லை. எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தாள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நீச்சல் வந்ததற்கு இந்த ஒன்றுதான் காரணம். குப்புற மிதக்கும்போது உடம்பு நீளமாகப் பலகை மாதிரி கிடக்கிறது. அந்த நிலையில் பயம் வந்தால் ஆள் என்ன செய்வார்? தலையை மேலே தூக்குவார். தலையைத் தூக்கினால் கால் தானாகக் கீழே வந்து நின்றுவிடும் என்று நினைப்போம், வராது, உடம்பு பாதிச் சாய்வில் மாட்டிக்கொள்ளும், கால் பின்னால் எங்கேயோ துழாவும், கை தண்ணீரை அடிக்கும், வாய்க்குள் தண்ணீர் போகும். மார்பளவுத் தண்ணீரிலேயே மூழ்கிவிடுவோம் என்று தோன்றுவது அந்த இரண்டு நொடியில்தான். அவள் காட்டியது இது: முகம் உள்ளே இருக்கும்போதே, அவசரப்படாமல், இரண்டு முழங்காலையும் வயிற்றுப் பக்கம் மடக்கி இழு. நீட்டியிருக்கிற இரண்டு கையையும் தண்ணீரைக் கீழே அமுக்குகிற மாதிரி தொடைவரை கொண்டு வா. உடம்பு தானாக நிமிரும். பாதம் தரையைத் தொட்டது தெரிந்த பிறகு, கவனிக்க, தெரிந்த பிறகு, தலையைத் தூக்கு.

முழங்கால், கை, பாதம், அப்புறம் தலை. நான்கு வார்த்தை. இதை முகத்தை உள்ளே வைக்காமலேயே, விளிம்பைப் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது தடவை செய்ய வைத்தாள். வீட்டில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கூடச் செய்து பார்த்தேன். பிள்ளைகளுக்கு இது தேவையே படுவதில்லை, விழுந்தால் எழுந்துகொள்வோம் என்ற நம்பிக்கை அவர்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது போல. நமக்கு அப்படி இல்லை. நாம் எதிலாவது இறங்குவதற்கு முன்பு வெளியே வருகிற வழி எது என்று பார்த்துவைக்கிறவர்கள், வீட்டுக் கடன் வாங்கினவர்கள், பள்ளியில் பிள்ளை சேர்த்தவர்கள். எனக்கு வெளியே வருகிற வழி தெரிந்த பிறகுதான் உள்ளே போக மனசு வந்தது. 11-ஆம் நாள் முகத்தை வைத்தேன். 12-ஆம் நாள் விளிம்பை விட்டேன். மூன்று நொடி மிதந்திருப்பேன், எழுந்து நின்று சுற்றிப் பார்த்தேன், ஒருத்தரும் கவனிக்கவில்லை, எனக்கோ ஊர் முழுக்கப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அடுத்த சுவர் மூச்சு. நிலத்தில் நாம் மூச்சை இழுப்பதைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம், விடுவது அது பாட்டுக்கு நடக்கும். தண்ணீரில் கதை வேறு. நான் முகத்தை உள்ளே வைப்பதற்கு முன்பு வயிறு முட்ட மூச்சை இழுத்து, கன்னம் உப்ப அடக்கிக்கொண்டு, தலையை வெளியே எடுத்ததும் ஹா என்று விட்டு, உடனே இழுத்து, மறுபடி உள்ளே. மூன்றாவது தடவையில் நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆகிவிடும். உடம்பில் தெம்பில்லை, வயசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அக்கா, நீங்க மூச்சை அடக்கறீங்க. உள்ளேயே விட்டுடுங்க."

"உள்ளேயே விட்டுட்டா, அப்புறம் எதை வச்சுக்கிட்டு இருக்கறது?"

அவள் சிரித்தாள், ஆனால் நான் நிஜமாகத்தான் கேட்டேன். விஷயம் என்னவென்றால், மூச்சை அடக்கும்போது நெஞ்சு முட்டுவது ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதால் இல்லை, கரியமில வாயு ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போவதால்தான் மூளை 'மூச்சு, மூச்சு' என்று அலாரம் அடிக்கிறது. அதை வெளியேற்றாமல் வைத்துக்கொண்டு மேலே மேலே புதுக் காற்றை இழுக்கப் பார்த்தால் இடம் எங்கே இருக்கும்? தலை வெளியே இருக்கிற அந்த அரை நொடிக்குள் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் இரண்டும் அரைகுறைதான். அதனால் முகம் உள்ளே இருக்கிற நேரம் முழுக்க, சிறிது சிறிதாக, குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வரும்போது இழுக்கிற வேலை மட்டும்.

கேட்க எளிது. செய்ய எனக்கு ஒரு மாதம். அவள் ஒரு உபாயம் சொன்னாள்: உள்ளே போனதும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்ம்' என்று முனகுங்கள். முனகினால் மூக்கு வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும், காற்று வெளியே வருகிறவரை தண்ணீர் உள்ளே ஏறாது, புரையேறாது. வீட்டில் ஒரு அகலமான பேசின் நிறையத் தண்ணீர் வைத்து அதில் முகத்தைக் கவிழ்த்து முனகிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கதவருகில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரங்களில் அது ஒன்று.

அப்புறம் கால். உதைக்கப் பழகுவதற்கு ஒரு நுரைப் பலகை கொடுப்பார்கள், கிக் போர்டு, அதை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்துப் போக வேண்டும். நான் அடித்தேன். தண்ணீர் நாலாபுறமும் தெறித்தது. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் கிளம்பிய இடத்திலேயே இருக்கிறேன். இன்னும் பலமாக அடித்தேன், இந்தத் தடவை சத்தியமாக ஓரடி பின்னால் போயிருந்தேன். இப்படி நடக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. வயது ஏற ஏறக் கணுக்கால் இறுகிவிடுகிறது, அதிலும் நடை, ஓட்டம் என்றே இருந்தவர்களுக்குப் பாதம் எப்போதும் முன்பக்கம் மடங்கியே பழகியிருக்கும். நீச்சலில் பாதம் துடுப்பு மாதிரி பின்னால் நீள வேண்டும். கொக்கி மாதிரி மடங்கிய பாதத்தால் உதைத்தால் அது தண்ணீரை முன்பக்கம்தான் தள்ளும். அன்றிலிருந்து டிவி பார்க்கும்போதெல்லாம் மண்டியிட்டு, பாத மேற்புறம் தரையில் படிய, மெதுவாக உட்கார்ந்து பழகினேன் (முழங்கால் வலி அதிகமாக இருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை நீட்டி மடக்கினால் போதும்).

உதை சரியானாலும் கால் மூழ்கியது. நம் உடம்பில் காற்றுப் பை இருப்பது நெஞ்சில், கனமான எலும்பும் தசையும் இருப்பது இடுப்புக்குக் கீழே. சீசா பலகை மாதிரிதான். தலையை நிமிர்த்தி முன்னால் பார்த்தால் பலகையின் இந்தப் பக்கம் எழும், அந்தப் பக்கம் இறங்கும். குளத்தின் தரையைப் பார்த்துக்கொண்டு, உச்சந்தலை போகிற திசையைக் காட்ட, நெஞ்சைக் கொஞ்சம் தண்ணீரில் சாய்த்தால் இடுப்பு தானாக மேலே வருகிறது. கொழுப்பு தண்ணீரைவிட லேசு என்பதால் இடுப்பில் சதை போட்டவர்களுக்கு இது இன்னும் சுலபம். கடைசியில் ஒரு இடத்திலாவது உதவியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் பிடிபட ரொம்ப நாளான விஷயம், முயற்சியைக் கூட்டினால் பலன் குறைகிறது என்பதுதான். வேறு எந்த உடற்பயிற்சியிலும் நான் இதைப் பார்த்ததில்லை. நடையில் கூட நாலு எட்டு வேகமாக வைத்தால் நாலு எட்டு முன்னால் போவோம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி, வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அது எதிர்த்துத் தள்ளுவது நான்கு மடங்காகிறது. ஆகவே பலத்தைக் காட்டுகிறவரைத் தண்ணீர் நன்றாகத் தண்டிக்கும். பக்கத்து லேனில் முப்பது வயது இளைஞர் ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார், ஜிம் உடம்பு, ஆவேசமாகக் கையை வீசுவார், பத்து மீட்டரில் நுரை தள்ளி நின்றுவிடுவார். எனக்கு அந்தப் பலம் இல்லாததால் மெதுவாகத்தான் போக முடிந்தது, மெதுவாகப் போனதால் அவருக்கு முன்பே 25 மீட்டர் போனேன். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த முதல் 25 மீட்டர், நாலரை மாதம் கழித்து. எங்கள் குளத்தில் பாதிக்கு மேல் தரை சரிந்து ஆழமாகிறது, அங்கே எனக்கு நிலைக்காது. தலை தரையைப் பார்த்தபடி போவதால் அந்தச் சரிவு தொடங்குகிற இடம் கண்ணுக்கு நேராகத் தெரியும்: இதுவரை கைக்கெட்டும் தூரத்தில் கூடவே வந்த ஓடுகள், ஒரு கோட்டுக்கு அப்பால் மெல்ல விலகிக் கீழே கீழே போகும், நீலம் கறுக்கும். அதுவரை எத்தனையோ தடவை அந்தக் கோடுவரை போய் நின்றிருக்கிறேன். அன்றைக்கு மூச்சு சரியாக அமைந்துவிட்டது, இழுத்து, முனகி, இழுத்து, முனகி, கோட்டைத் தாண்டியது தெரிந்தது, எழுந்து நிற்கிற பாடம் இனிமேல் செல்லாது என்பதும் தெரிந்தது, வயிற்றுக்குள் ஒரு குளிர். நல்லவேளை அதற்கு முன் வாரம்தான் அவள் மல்லாந்து மிதக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள், களைத்தால் புரண்டு மல்லாந்து படுத்துவிடு, வாயும் மூக்கும் வெளியே இருக்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடக்கலாம் என்று. புரளத் தேவைப்படவில்லை. ஆனால் புரளலாம் என்று தெரிந்திருந்தது. சுவரில் கை பட்டபோது நகம் உடைந்தது, அவ்வளவு வேகமாகத் தொட்டிருக்கிறேன்.

இப்போது கொஞ்சம் புகார்கள்.

'முழங்காலுக்கு நீச்சல் நல்லது' என்று எல்லாரும் சொல்வார்கள், எந்த நீச்சல் என்று ஒருவரும் சொல்வதில்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக், அதாவது தவளை மாதிரி காலை மடக்கி விரித்து உதைப்பது, எனக்குச் சுலபமாக வந்தது, தலையை ஒவ்வொரு வீச்சுக்கும் வெளியே எடுக்கலாம் என்பதால் பிடித்தும் இருந்தது. மூன்று வாரம் அதையே போட்டு அடித்தேன். முழங்காலின் உள்பக்கம் வலிக்க ஆரம்பித்தது, பழைய வலியைவிட மோசமாக. அந்த உதை முழங்காலின் உள்பக்கத்தைத் திருகி இழுக்கிறது, இந்த வலிக்கு நீச்சல்காரர்கள் மத்தியில் 'பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கர் முழங்கால்' என்றே பெயர் இருக்கிறதாம். அதை விட்டுவிட்டு ஃப்ரீஸ்டைலுக்கும் (குப்புறக் கிடந்து கையை மாற்றி மாற்றி வீசிப் போவது) மல்லாந்த நீச்சலுக்கும் வந்த பிறகு சரியாயிற்று. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்பதில்லை. 1875-இல் மேத்யூ வெப் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் கடலாக இருக்கிற ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்தது பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில்தான். அவருக்கு அப்போது வயது 27, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தோள்பட்டை இன்னொன்று. நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்தான் தோள் இறுகிப்போகிற தொல்லை அதிகம் வருகிறது, சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் காதைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். தொடவில்லை என்றால் முதலில் பிசியோதெரபிஸ்ட், அப்புறம் குளம். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து வடிய விடுங்கள், பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் சுவரோரம் வந்து பாதத்தை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடும்.

குளத்தில் இறங்கிக் கால் மணி நேரத்தில் சிறுநீர் முட்டுகிறதே, வயசுக் கோளாறோ என்று நான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் அப்படித்தான். தண்ணீரின் அழுத்தம் கால்களில் இருக்கிற ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது, உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து சிறுநீரகம் வெளியேற்ற ஆரம்பிக்கிறது. ஏறிப் போய்விட்டு வாருங்கள், தயவுசெய்து. குளத்தில் 'குளோரின் வாடை' என்று நாம் சொல்வது குளோரினின் வாடையே கிடையாது, வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகிற குளோரமைனின் வாடை. கண் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். மூக்கைத் துளைக்கிற வாடை வந்தால் அந்தக் குளம் ரொம்பச் சுத்தம் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்! இறங்குவதற்கு முன்பு ஒரு நிமிடம் குளித்துவிட்டு இறங்கச் சொல்வதன் காரணமும் இதுதான். எழுதி ஒட்டியிருக்கிறார்கள், யாரும் செய்வதில்லை.

எடை? குறையவில்லை. அதாவது, இரண்டு கிலோ குறைந்து, ஒன்றரை கிலோ திரும்பி வந்தது. நீந்திவிட்டு வந்தால் பசிக்கிற பசி இருக்கிறதே, அது சாதாரணப் பசி இல்லை. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சிவிடுகிறது, அதற்கும் பசிக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்கள். எதுவோ, வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போகிறது. எடைக்காக மட்டும் சேர்கிறவர்கள் ஏமாந்துவிடக்கூடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அதைவிட முக்கியமான இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. எலும்புக்கு நீச்சல் போதாது. எலும்பு உறுதியாக வேண்டுமென்றால் அதன் மேல் சுமை விழ வேண்டும், தண்ணீரோ சுமையை எடுத்துவிடுகிறது. முழங்காலுக்கு எது நன்மையோ அதுவே எலும்புக்குக் குறை. மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது என்பதால் எனக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே கைக்கு எடை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறேன், சுவரைத் தள்ளுகிறேன், படி ஏறுகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான்: வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. என் நீச்சல் வாரம் மூன்று நாள், தடவைக்கு 40 நிமிடம். மீதி 30 நிமிடத்துக்கு நடக்கிறேன், இப்போது முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்கிறது. அந்த 40 நிமிடத்திலும் பத்து நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு பேச்சுதான்.

பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் நேரத்தில் ஒரு அம்மா வருகிறார், எழுபதைத் தாண்டியிருப்பார். தண்ணீரிலிருந்து வெளியே இருக்கும்போது கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பார். உள்ளே இறங்கிவிட்டால் ஆள் வேறு. ஒரு துளி தெறிக்காமல், அவசரமே இல்லாமல், மல்லாந்து போய்க்கொண்டே இருப்பார், நான் இரண்டு தடவை போய் மூச்சு வாங்கி நிற்கும்போது அவர் ஐந்தாவது தடவை என்னைத் தாண்டுவார். ஒருநாள் அவரிடம் மியெகோ நாகவோகாவைப் பற்றிச் சொன்னேன். ஜப்பான்காரர், 80 வயதைத் தாண்டிய பிறகு முழங்கால் வலிக்காகக் குளத்தில் இறங்கியவர், 2015-இல் தன் 100-ஆவது வயதில் 1500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54 நொடியில் நீந்தி முடித்தார், அந்தத் தூரத்தை நூறு வயதில் நீந்திய முதல் ஆள் அவர்தான். அந்த அம்மா கேட்டுவிட்டு, "எனக்கு அவ்வளவு நேரம் முடியாதும்மா, மருமகள் ஆபீஸ் கிளம்பணும்" என்றார்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வரி. தனியாக நீந்தாதீர்கள், எவ்வளவு நன்றாக வந்தாலும். தண்ணீருக்கடியில் அதிக நேரம் இருக்க வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவதைச் சிலர் வித்தையாகச் செய்கிறார்கள், அதைச் செய்யவே கூடாது: கரியமில வாயு குறைந்துபோவதால் அந்த அலாரம் அடிக்காது, அடிப்பதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், வலிப்பு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குளத்தில் 25 மீட்டர் போனவர்கள் ஆற்றிலும் கடலிலும் போகலாம் என்று நினைக்க வேண்டாம், அங்கே அடியில் நீலக் கோடும் கிடையாது, நான்கடியில் சுவரும் கிடையாது. நான் இன்னும் போகவில்லை, போகிற யோசனையும் இப்போதைக்கு இல்லை.

போன வாரம் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ஐம்பத்தைந்து இருக்கும், நரைத்த மீசை, இரண்டு கையும் விளிம்பில், முகம் விறைப்பாகத் தண்ணீருக்கு மேலே. அவள் எதிரில் நின்று, முழங்கால், கை, பாதம், அப்புறம் தலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுவரைத் தொட்டு நின்றபோது அவர் என் பக்கம் திரும்பி, ரகசியம் கேட்கிற குரலில், "முகத்தை உள்ளே வைக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சுங்க?" என்றார்.

"பதினோரு நாள்" என்றேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். "எனக்கு இன்னைக்கு ஒன்பது. அப்போ இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு விளிம்பை மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.